ஐம்பதாயிரத்துக்குக் கீழே ஒரு குடும்பம்

காத்திருப்போர் அறையில் நாற்காலிகளை நகர்த்திப் போட்டது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐயா. அனுமதி வாங்கவில்லை. அது தவறு என்றால் அந்தத் தவறையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முன்பு அவை பேருந்து இருக்கைகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாகக் கிடந்தன. ஒருவர் பிடரியை இன்னொருவர் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே தவித்துக் கிடப்பவர்களுக்குப் பிடரி எதற்கு, முகமல்லவா வேண்டும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. ஒரு மதியம் சாப்பாட்டு வேளையில் எல்லாவற்றையும் இழுத்து வட்டமாகப் போட்டேன். யாரும் ஏனென்று கேட்கவில்லை. கழுத்தில் அடையாள அட்டை தொங்கினால் ஆஸ்பத்திரியில் யாரும் எதையும் கேட்பதில்லை.

நான் லேப் டெக்னீஷியன். எங்களுடையது பெரிய ஆஸ்பத்திரி இல்லை. அதனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் ரத்தம் எடுப்பதும் நான், மெஷினில் வைப்பதும் நான், வந்த எண்ணிக்கையை வெளியே இருக்கும் குடும்பத்துக்குச் சொல்வதும் நான். கடைசியில் சொன்னது உண்மையில் டாக்டருடைய வேலை. ஆனால் எங்கள் டாக்டருக்குப் "பார்ப்போம்" என்ற ஒரு சொல்தான் வாயில் வரும். ஊழியர்கள் எல்லாரும் அவருக்குப் பின்னால் பார்ப்போம் டாக்டர் என்றுதான் சொல்வோம். நல்ல மனிதர், கெட்டிக்காரர், பேச்சுதான் வராது. அவரிடம் கேட்டுவிட்டு வருகிறவர்கள் நேராக என்னிடம் வருவார்கள்.

"அக்கா, பார்ப்போம் பார்ப்போம்ங்கறாரே, எதைப் பாக்கப் போறாரு?"

நான் எண்ணைச் சொல்வேன். தண்ணீரில் தத்தளிப்பவர் கையில் கயிறு கிடைத்த மாதிரி அதைப் பிடித்துக்கொள்வார்கள். எந்தக் குடும்பமும் எண் வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததில்லை.

மெத்தைக் கடை முதலாளியைக் கொண்டுவந்தபோது அவருக்கு நினைவு தப்பியிருந்தது. கல்லீரலில் சீழ்க்கட்டி. அந்த விஷம் ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் பரவியிருந்தது. செப்சிஸ் என்பார்கள். உடம்பில் இப்படித் தீப்பிடித்தால் தீர்ந்துபோகும் பொருள்களில் ஒன்று தட்டணு. பிளேட்லெட் என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ரத்தம் உறைய வேண்டுமென்றால் அவை வேண்டும். நல்ல உடம்பில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்கும். அவருக்கு வந்த அன்று இருபத்தெட்டாயிரம். அந்த எண் உண்மை. அதில் நான் கை வைக்கவில்லை.

சீழை எடுத்தாக வேண்டும். விலா எலும்புக்கு நடுவே நீளமான ஊசியை விட்டு, கல்லீரலிலிருந்து குழாய் வழியாக இறக்க வேண்டும். தட்டணு இவ்வளவு குறைவாக இருக்கும்போது கல்லீரலைக் குத்தினால் ரத்தம் நிற்காது. "ஐம்பதாயிரத்தைத் தாண்டட்டும். அதுவரைக்கும் மருந்து குடுத்துப் பார்ப்போம்" என்றார் டாக்டர். அவர் பேசி நான் கேட்ட நீளமான வாக்கியம் அதுதான்.

இனி அந்தக் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்களைத் தெரிந்துகொள்ளாமல் என்னை நீங்கள் தவறாக நினைத்துவிடுவீர்கள்.

முதலாளிக்கு இரண்டு மகன்கள், ஒரு மகள். மூத்தவர் அப்பாவின் கடையைப் பார்த்துக்கொள்கிறார். இளையவர் கோபித்துக்கொண்டு வெளியேறி, அதே தெருவில், அதே கடைக்கு நேர் எதிரில், இன்னொரு மெத்தைக் கடை போட்டவர். மூத்தவர் கடையில் 'எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை' என்று பலகை வைத்தார். மறுநாள் இளையவர் கடையிலும் அதே பலகை, இன்னும் பெரிய எழுத்தில். ஒரே பொருளை எதிரெதிரே விற்றுக்கொண்டு, காலையில் ஒரே நேரத்தில் கதவைத் தூக்கி, ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்து, பல வருஷமாக ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாதவர்கள். மகளோ கடையில் மெத்தை ஏற்றி இறக்கும் வண்டியை ஓட்டிய பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அன்றிலிருந்து அந்தப் பையன் அப்பாவின் வீட்டு வாசலை மிதித்ததில்லை. இப்போதும் மனைவியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, ஆஸ்பத்திரிக்கு வெளியே வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார். நான் அவரை வண்டி மாப்பிள்ளை என்று மனதுக்குள் வைத்திருந்தேன்.

இத்தனை பேரும் என் வட்ட நாற்காலிகளில் வந்து உட்கார்ந்தார்கள். வேறு வழியில்லை, முகத்தோடு முகம் பார்த்தாக வேண்டும். நான் வந்து, "இருபத்தெட்டாயிரம்" என்றேன்.

இளைய மருமகள் பக்கத்திலிருந்த கையைப் பிடித்துக்கொண்டாள். அது மூத்த மருமகளின் கை. இரண்டு பேரும் கீழே பார்த்து, யார் கை என்று தெரிந்த பிறகும், விடவில்லை. அண்ணனும் தம்பியும் ஒரே சமயத்தில் எழுந்து நின்றார்கள்.

"அக்கா, ரத்தம் குடுக்கணும்னா யார் குடுக்கறதுன்னு அவரைக் கேளுங்க" என்றார் தம்பி.

"நான் மொதல்ல குடுக்கறேன்னு அவர்கிட்டச் சொல்லிடுங்க" என்றார் அண்ணன்.

இருவருக்கும் இடையில் ஒரு முழ தூரம்கூட இல்லை. நான் இந்தப் பக்கம் திரும்பி ஒன்றும், அந்தப் பக்கம் திரும்பி ஒன்றும் சொன்னேன். எனக்கு அது கஷ்டமாக இல்லை. என் வாழ்க்கையில் இரண்டு பேருக்கு நடுவே நின்று பேசும்படி யாரும் என்னைக் கேட்டதே இல்லை. வீட்டில் நானும் ஒரு மீன்தொட்டியும்தான்.

தட்டணு கொடுப்பது ரத்தம் கொடுப்பது மாதிரி இல்லை. மெஷின் பக்கத்தில் வெகுநேரம் கையை நீட்டிப் படுக்க வேண்டும். அது தட்டணுவை மட்டும் பிரித்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி உடம்புக்குள் அனுப்பிவிடும். கடைசியில் வெளிர் மஞ்சளாக ஒரு பை கிடைக்கும். அண்ணன் கொடுத்தார், தம்பி கொடுத்தார், மூத்த மருமகளின் அண்ணன் வந்தார், இளைய மருமகளின் தம்பி வந்தார். மருந்தும் வேலை செய்யத் தொடங்கியிருந்தது. எண்ணிக்கை மெல்ல ஏறியது. முப்பத்தைந்து, நாற்பது. நான் சொல்லச் சொல்ல அவர்கள் முகம் மலர்ந்தது. மலர்ந்த முகங்கள் எல்லாம் உடனே பேச ஆரம்பித்தன. அங்கேதான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது.

"எங்கண்ணன் குடுத்ததுக்கு அப்புறம்தான் மாமாவுக்கு ஏறிச்சு" என்றாள் மூத்த மருமகள்.

"ஏறினது சரி அக்கா. எங்க தம்பி குடுத்ததுதான் நின்னுச்சு."

"நிக்கறதுக்கு அது என்ன பஸ்ஸா?"

"எங்க வீட்டு ரத்தம் அப்படி. எடுத்த எடுப்புல குதிக்காது, நிதானமா நிக்கும்."

நாற்பத்தைந்து வந்த அன்று கதையே வேறு. அப்பா பிழைத்துவிடுவார் என்று ஆனதும், பிழைத்த அப்பாவை எங்கே படுக்க வைப்பது என்ற பிரச்சினை வந்துவிட்டது. இடம் யாருடைய வீடு என்பதுகூட இல்லை, ஐயா. யார் கடை மெத்தை என்பது.

"அப்பா வந்தா எங்க மெத்தையிலதான் படுப்பாரு. முதுகுக்கு நல்லதுன்னு அவர்கிட்டச் சொல்லிடுங்க அக்கா" என்றார் தம்பி.

"அந்த மெத்தையில படுத்தா நேரா இங்கதான் திரும்பி வரணும்னு சொல்லுங்க" என்றார் அண்ணன்.

"இத்தனை நாளா எந்த மெத்தையில படுத்து இங்க வந்தாரு? அதையும் கேளுங்க."

அண்ணன் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் ஜன்னல் ஓரமாகப் போட்டார். முதுகை இந்தப் பக்கம் காட்டி உட்கார்ந்துகொண்டார். இளைய மருமகள் எழுந்து கீழே போய்விட்டாள். மகள் அழுதாள். என் வட்டம் உடைந்து, மறுபடியும் பேருந்து ஆகிவிட்டது.

மறுநாள் காலை நடந்தது தற்செயல். ஊதா மூடி போட்ட குழாயில் ரத்தம் எடுத்தவுடன் அதை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். சில தடவை, குழந்தையைத் தோளில் போட்டு ஆட்டுவது போல. குழாய்க்குள் இருக்கும் மருந்து அப்போதுதான் ரத்தத்தோடு கலக்கும். கலக்காவிட்டால் சின்னச் சின்னக் கட்டிகள் விழும். தட்டணுக்கள் எல்லாம் அந்தக் கட்டிகளுக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும். மெஷினுக்குக் கட்டிக்குள் எட்டிப் பார்க்கத் தெரியாது. வாசலில் நிற்பவர்களை மட்டும் எண்ணிவிட்டு, இந்த வீட்டில் இவ்வளவு பேர்தான் என்று சொல்லிவிடும். அன்று எனக்கு அந்த ஜன்னலோர முதுகே ஞாபகமாக இருந்தது. குழாயை ஆட்டாமல் தாங்கியில் வைத்துவிட்டேன்.

மெஷின் இருபத்திரண்டாயிரம் என்றது. பக்கத்தில் ஒரு மஞ்சள் எச்சரிக்கைக் குறியும் காட்டியது. அது வந்தால் கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டைத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பார்த்தேன். தட்டணுக்கள் கொத்துக் கொத்தாகக் கிடந்தன. மறுபடியும் ரத்தம் எடுக்க வேண்டும் என்பது விதி. அவர் கை ஏற்கெனவே குத்திக் குத்திக் கன்றிப்போயிருந்தது. இன்னொரு தடவை எதற்கு என்று இரக்கப்பட்டேன். இதை நீங்கள் கவனிக்க வேண்டும்; தொடக்கம் இரக்கம்.

வெளியே போய், "இருபத்திரண்டு" என்றேன்.

அண்ணன் ஜன்னலை விட்டு எழுந்தார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து பழைய இடத்தில் போட்டார். தம்பி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். மருமகள்கள் இருவரும் ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்தார்கள். நான் லேபுக்குத் திரும்பி வந்து அந்தக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். டாக்டர்களும் மருந்துக் கம்பெனிகளும் எத்தனையோ கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒரு குடும்பத்தை ஒட்டவைக்கும் மருந்தை யாரும் கண்டுபிடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அதன் பிறகு தற்செயல் இல்லை.

நான் எதையும் கலக்கவில்லை, எதையும் ஏற்றவில்லை. அவர் உடம்புக்குள் என் கையால் போனது ஒன்றுமே இல்லை, வெளியே வந்ததுதான் உண்டு. செய்த ஒரே காரியம், கையை ஆட்டாமல் இருந்தது. சும்மா இருப்பது குற்றமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

டாக்டர் சந்தேகப்படாமல் இல்லை. "சில்லு பார்த்தீங்களா?" என்று கேட்டார்.

"பார்த்தேன் டாக்டர். குறைவாத்தான் இருக்கு."

"இத்தனை பை ஏத்தியும் ஏற மாட்டேங்குதே. குடுக்கற மருந்தாலயே இறங்குதோ?"

"இருக்கலாம் டாக்டர்."

"சரி, மாத்திப் பார்ப்போம்."

நன்றாக வேலை செய்துகொண்டிருந்த மருந்தை நிறுத்திவிட்டு, வேறொன்றைத் தொடங்கினார். அந்த வேறொன்று அவ்வளவு நன்றாக வேலை செய்யவில்லை என்று பின்னால் தெரிந்தது. அது அவருடைய முடிவு. நான் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொன்னேன்.

வண்டி மாப்பிள்ளை விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் என் பக்கம் முழுமையாகாது. மகள் ஒருநாள் லேப் வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, அவரும் குடுக்கறேங்கறாரு. ஆனா மேல வர மாட்டேங்கறாரு. வந்தா அண்ணனுங்க ஏதாவது சொல்லிடுவாங்கன்னு பயம்."

"வரச் சொல்லும்மா. நான் பாத்துக்கறேன்."

"அப்பாவுக்கு அவர் ரத்தம் ஒத்துக்குமா? அவரையே ஒத்துக்கலையே."

"ரத்தம் மனுஷங்க மாதிரி இல்ல. ஒத்துக்கும்."

அவர் வந்து படுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் காலை நான் குழாயைக் கவிழ்த்து நிமிர்த்தி, கவிழ்த்து நிமிர்த்தி, ஒழுங்காகக் கலக்கினேன். நாற்பத்தொன்பதாயிரம் வந்தது. அது உண்மையான எண். முதலாளிக்குக் கொஞ்ச நாளாகவே அந்த அளவு இருந்திருக்க வேண்டும். நான் கதவைத் திறந்துவிட்டேன், அவ்வளவுதான். ஐம்பதைத் தொடாமல் நின்றது என் அதிர்ஷ்டம்.

வட்டத்துக்கு நடுவில் நின்று சொன்னேன். "இதுவரைக்கும் யார் குடுத்தும் இப்படி ஏறல. கீழ வண்டியில ஒருத்தர் உக்காந்திருக்காரே, அவர் குடுத்தது."

முதலாளியின் மனைவி எழுந்தார். அதிகம் பேசாத அம்மா. தானே படியிறங்கிப் போய், அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்தார். எல்லாருக்கும் முன்னால், "உக்காருங்க மாப்பிள்ளை" என்றார். அந்த வார்த்தையை அவர் சொல்லி யாரும் அதுவரை கேட்டதில்லையாம். மூத்தவர் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். தம்பி அவர் முதுகில் தட்டி, "பெரிய பிளேட்லெட்டுதான்யா ஒனக்கு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வண்டி மாப்பிள்ளை உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். மகள் அவர் தோளில் சாய்ந்தாள். நான் லேபுக்குள் வந்து அழுதேன். சந்தோஷத்தில் அழுவது உடம்புக்கு நல்லது என்பார்கள், அது உண்மை என்று அன்று கண்டேன்.

அன்று மாலை அந்த அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் பக்கத்தில் என்றால், வட்டத்தில். அங்கே ஒரு நாற்காலி கூடுதலாக இருந்தது. நான் அதில் உட்காருவதை யாரும் வித்தியாசமாக எடுத்துக்கொள்ளவில்லை. பேரப் பிள்ளைகள் என்னை நம்பர் அத்தை என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். வீட்டிலிருந்து வரும் சாப்பாட்டில் எனக்கும் ஒரு டப்பா வரும். இளைய மருமகள் எனக்கு உப்பு குறைவாகப் போட வேண்டும் என்பதைக்கூடத் தெரிந்து வைத்திருந்தாள்.

"அவர் நல்லா இருந்தப்போ இதுங்க ஒண்ணும் ஒண்ணா வரல" என்றார் அந்த அம்மா. "இப்பப் பாரு. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே இருந்தா எனக்குப் போதும்மா."

"அப்படியே இருக்கும்மா" என்றேன்.

பிள்ளைகள் இப்படி இருப்பதைத்தான் அவர் சொன்னார் என்று நீங்கள் வாதாடலாம். கணவர் இப்படி இருப்பதைச் சொல்லியிருக்க மாட்டார் என்பீர்கள். ஆனால் இரண்டும் ஒன்றுதான் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். பொறுப்பு தெரிந்தவர் தலையில்தானே விழும்.

முதலாளியை மறந்துவிட்டுப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். தினமும் காலையில் அவர் கையைத் தொட்டவள் நான். இடையில் அவருக்கு நன்றாக நினைவு திரும்பியது. வாயில் குழாய் இல்லாத நாட்களில் பேசவும் செய்தார். ஒருநாள் ஊசியை எடுக்கும்போது என் விரலைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"பசங்க வந்திருக்காங்களா?"

"எல்லாரும் இருக்காங்க ஐயா. மாப்பிள்ளையும்."

"அந்தப் பயலும் வந்துட்டானா" என்றார். குரலில் கோபம் இல்லை. "எனக்கு எப்போ சரியாகும்?"

"அவசரப்படாதீங்க. நீங்க படுத்திருக்கறதுலதான் எல்லாமே இருக்கு."

பொய் சொன்னேனா, சொல்லுங்கள். மஞ்சள் பைகளில் ஒன்று ஏறும்போது அவருக்கு நடுக்கம் எடுத்தது. தேவையில்லாத பை என்று எனக்குத் தெரியும். நானே போர்வை எடுத்து வந்து கழுத்து வரைக்கும் போர்த்திவிட்டேன்.

இன்னும் ஒரே ஒரு வேலைதான் பாக்கி இருந்தது. அண்ணனும் தம்பியும் நேரடியாகப் பேசிக்கொள்ள வேண்டும். கிட்டத்தட்ட வந்துவிட்டார்கள். இப்போதெல்லாம் என்னைப் பார்த்துச் சொல்லுவதைக்கூட விட்டுவிட்டு, நடுவிலிருந்த காற்றைப் பார்த்துச் சொன்னார்கள். தம்பி "யாராவது டீ குடிக்கறீங்களா" என்பார். அண்ணன் "சர்க்கரை இல்லாம" என்பார். இன்னும் ஓர் அடி. அந்த நேரத்தில்தான் என் உடம்பு காலை வாரிவிட்டது. காய்ச்சல். எழுந்து நிற்க முடியவில்லை. ஒரு நாள் விடுப்புப் போட வேண்டியதாகிவிட்டது.

எனக்குப் பதிலாக, எங்களிடம் முன்பு வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். தடித்த கண்ணாடி போட்டிருப்பார், கண்ணாடி அம்மா என்போம். அவர் எல்லாரையும் போலக் குழாயை ஆட்டியிருக்கிறார். ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் வந்திருக்கிறது.

மறுநாள் நான் வந்தபோது டாக்டரை எனக்கு அடையாளமே தெரியவில்லை. பேசிக்கொண்டே நடந்தார். "இன்னும் எதுக்குக் காத்திருக்கணும்? காலை எண்ணிக்கையும் இப்படியே இருந்தா இன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம். அங்க ஸ்கேன்ல பாத்துக்கிட்டே ஊசி போட்டு சீழை எடுத்துருவாங்க. ஒரு வாரத்துல எழுந்து நடப்பாரு." பார்ப்போம் என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை.

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியை எனக்குத் தெரியும். அங்கே நாற்காலிகளைத் தரையோடு சேர்த்துத் திருகியிருப்பார்கள். நகர்த்தவே முடியாது. பார்வையாளர் ஒருவருக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு தளத்தில் நிற்க வேண்டும். எண்ணிக்கையைச் சொல்ல யாரும் வெளியே வரமாட்டார்கள், செல்பேசிக்குச் செய்தி வரும். அந்தக் குடும்பத்தை அங்கே அனுப்புவதும், கண்ணாடிப் பாத்திரத்தைப் படியில் உருட்டிவிடுவதும் ஒன்று. கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன். அண்ணன் தம்பியை ஒரு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும். அப்புறம் நானே குழாயை ஆட்டி, கையோடு அனுப்பி வைத்திருப்பேன்.

அன்று காலை பத்தொன்பதாயிரம் வந்தது.

"நேத்து ஒரு லட்சம் இருந்ததே" என்றார் டாக்டர்.

"கண்ணாடி அம்மாவுக்குக் கண்ணு மங்கிடுச்சு டாக்டர். வேற யாரோட குழாயையோ வச்சிருப்பாங்க. பாவம், வயசாயிடுச்சு."

அவர் ஆம்புலன்ஸை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மருந்தைக் கூட்டினார். "பார்ப்போம்" என்றார். பழைய டாக்டர் திரும்பி வந்துவிட்டதில் எனக்குச் சற்று நிம்மதியாகக்கூட இருந்தது.

நான் வட்டத்துக்குப் போய் எண்ணைச் சொன்னேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். டீ வந்தது. குடித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே மணி அடித்தது. கல்லீரல் கட்டி உள்ளுக்குள் உடைந்துவிட்டது. அதற்குப் பிறகு செய்வதற்கு அவர்களிடம் அதிகம் இருக்கவில்லை. வெயில் சாய்வதற்குள் எல்லாம் முடிந்தது.

கேட்டீர்களே, அன்று காலை அனுப்பியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று. பிழைத்திருப்பார். நான் இருபது வருஷமாக ரத்தம் பார்க்கிறவள், இதில் உங்களை ஏமாற்றப் போவதில்லை. அவர் தட்டணு அன்று ஊசிக்குத் தாங்கும். அதற்கு முந்தின வாரமும் தாங்கியிருக்கும். எழுந்து நடந்திருப்பார். நடந்து போய், யார் மெத்தையில் படுத்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? படுத்த அன்றே எதிர்க்கடைக் கதவு சாத்தியிருக்கும். மாப்பிள்ளை மறுபடியும் வண்டிக்குள் போயிருப்பார். உங்களுக்கு ஓர் ஆள்தான் தெரிகிறார், ஐயா. நான் எல்லாரையும் சேர்த்து எண்ணினேன்.

டாக்டர் வந்து சொன்னபோது நான் அந்த அறையில் இருந்தேன். சொல்ல வேண்டியவர் அவரே வந்து சொன்னது அதுதான் முதல் தடவை. தம்பி முன்னால் சாய்ந்து, விழப்போனவரைப் போல, "அண்ணா" என்றார். அண்ணன், "இருக்கேன்டா, இருக்கேன்டா, வா" என்று இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். நடுவில் யாரும் இல்லை. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, காற்றைப் பார்த்தும் சொல்லவில்லை. அதைக் கேட்க முதலாளி இல்லை என்பது ஒன்றுதான் குறை. ஒரு குறையும் இல்லாமல் எந்தக் காரியம் முடிந்திருக்கிறது.

மாட்டிக்கொண்டது என் பேச்சால்தான். கண்ணாடி அம்மாவின் கண்ணைப் பற்றிச் சொல்லியிருக்கக் கூடாது. ஓய்வு பெற்றவர்களுக்குச் செய்த வேலையின் மானம் ஒன்றுதானே மிச்சம். கோபத்தோடு வந்து, குளிர்பெட்டியில் அன்று காலை நான் எடுத்த குழாயைத் தேடி, அதில் கட்டியைப் பார்த்து, டாக்டரைக் கையோடு கூப்பிட்டுக் காட்டிவிட்டார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவருக்கு இந்தக் குடும்பத்தைத் தெரியாது.

கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். குழாயை ஆட்டாமல் வைத்தது நான். எச்சரிக்கைக் குறியைப் பார்த்தும் மறைத்தது நான். பொய் எண்ணைச் சொல்லி, அவருக்குச் சீழ் எடுப்பதைத் தடுத்தது நான். அவர் செத்தது அதனால்தான். இப்படித்தானே எழுத வேண்டும்? அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

உங்கள் மேசையில் இருக்கும் புகாரை நீங்கள் என்னிடம் காட்ட வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் தண்ணீர் குடிக்கத் திரும்பியபோது பார்த்துவிட்டேன். என்மேல் அவர்கள் எல்லாருமாகச் சேர்ந்து கொடுத்திருக்கிறார்கள். ஆளுக்கொன்றாகக் கொடுக்கவில்லை, ஒரே புகார். மூத்தவர் கையெழுத்தும் சின்னவர் கையெழுத்தும் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. அம்மா, மருமகள்கள், மகள், அவளுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை. மேலே 'இறந்தவரின் குடும்பத்தார்' என்று எழுதியிருக்கிறது. எவ்வளவு அழகாக இருக்கிறது, பார்த்தீர்களா.

மாப்பிள்ளைக்குக் கீழே ஒருவர் கையெழுத்துப் போடும் அளவுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். பேனாவைக் கொஞ்சம் கொடுங்கள்.